மூன்றாம் கை எள்ளுநீர்

ஹலோ... ஓம், தவரத்தினம்தான். செசில் அண்ணையோ? குரல் கிணத்துக்குள்ளை இருந்து வாற மாதிரிக் கிடக்கு... ஓ, குவாதலூப் தீவிலை, அந்தக் கரும்புத் தோட்டத்து இடிபாட்டுக்கையே நிக்கிறியள்? இஞ்சை பின்னேரம் ஆறு மணி. அங்கை உச்சிப்பொழுது, அமாவாசையும். நல்லது.

தனியவோ?... கூட்டிக்கொண்டு வந்தவன் உள்ளை வரமாட்டனெண்டு வாசலிலையே நிண்டிட்டானோ?... ம். பாகு காய்ச்சின கட்டடம். புகைபோக்கியைப் பிளந்துகொண்டு வேர் இறங்குது... ஒரு குருவிச் சத்தமும் இல்லையோ? அலுவலை முடிச்சிட்டு உடனை வெளிக்கிடுங்கோ.

ஓம், ஓம். நீங்கள் வேதக்காரரெண்டாலும் உங்கடை பூட்டன் சைவமாத்தானே காரைக்காலிலை தோட்டக் கூலியாக் கப்பலேறினவர். செத்து நூறு வருசத்துக்கு மேலை, ஒரு சொட்டுத் தண்ணி விட ஆளில்லை.

தெற்கை பாருங்கோ. இஞ்சை லா சப்பல் தமிழ்க் கடையிலை வாங்கின எள்ளு கையிலை கிடக்கோ?... பூட்டன்ரை தகப்பன் பேர்?... தெரியாதோ. கோத்திரமும் தெரியாது... சரி, பேர் மட்டும் காணும். ‘வைத்திலிங்கம்’ எண்டு உரத்துக் கூப்பிட்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையாலை எள்ளுத்தண்ணியை விடுங்கோ. மூண்டு தரம். குறைஞ்சால் அவர் கை ஏந்தினபடியே நிப்பார்.

...ஓம், ஒண்டு... ஓம், ரெண்டு... கொஞ்சம் பொறுங்கோ, என்ரை மனிசி நாகேஸ்வரி வந்திட்டா. பொபினி ஆசுப்பத்திரிக்கு, உங்கடை மகள் ஆனைஸைப் பாக்கப் போனவ. என்னப்பா?... பிறந்திட்டுதோ! அண்ணை, பேரன்! காலமை துவங்கி உங்களுக்கு எடுக்கினமாம், லைன் கிடைக்கேல்லையாம்... ஓம், ஓம், சுகமாம், ரெண்டு பேரும் சுகம்... என்ன பேராம், நாகேஸ்வரி?...

...

அண்ணை. கையை அசைக்காதேங்கோ. அந்தத் தண்ணியை விடாதேங்கோ.

பிள்ளைக்கு வைத்திலிங்கம் எண்டு வைச்சிட்டாளாம். பூட்டன்ரை பேர், உங்களுக்குச் சந்தோசமா இருக்குமெண்டு... இல்லை, அவளிலை பிழையில்லை. பிழை என்னிலைதான். நான் கோயிலிலை தேவாரம் ஓதுறவன், ஐயரில்லையே. தகப்பன் பேரில்லாமல் வெறும் பேரைச் சொல்ல விட்டிட்டன். உயிரோடை இருக்கிற பேருக்கு எள்ளுத்தண்ணி விடப்படாது. ரெண்டு கை விட்டாச்சு, மூண்டாவதும் விழுந்தால் பிள்ளையை எல்லோ கொண்டுபோயிடும்...

என்ன, வானம் இருண்டு வருதோ?... நில்லுங்கோ, நில்லுங்கோ, யோசிக்க விடுங்கோ. பாதியிலை நிப்பாட்டவும் ஏலாது. தோட்டத்துப் பதிவிலை அவருக்கு வேறை என்ன அடையாளம் கிடக்கு?... இலக்கமோ?... நாலாயிரத்து நூற்றிப் பதினேழு. அப்ப அதைச் சொல்லி விடுங்கோ... ஏன்?... ஓம், மாட்டுக்குக் குறி சுட்ட மாதிரித்தான், எனக்கும் விளங்குது. சாகுமட்டும் அவங்கள் அப்பிடித்தான் கூப்பிட்டவங்கள். எண்டாலும் பச்சைப்பிள்ளை, அண்ணை!... மாட்டியளோ...

அப்ப ஆரின்ரை பேரை?...

இல்லை. செசில் அண்ணை, இல்லை. தன்ரை பேரைத் தானே சொல்லி ஒருத்தரும்... எழுபது வயசு காணுமெண்டு நீங்கள் சொன்னால் காணுமோ? ஒண்டுக்கு ஒண்டு மாத்தலாமெண்டு எந்தச் சாத்திரத்திலை கிடக்கு! கையை உதறுங்கோ... அண்ணை, உரத்துச் சொல்லாதேங்கோ, சொல்லாதேங்கோ—

...

தண்ணி கல்லிலை விழுந்த சத்தம் இஞ்சை கேட்டுது.

அண்ணை?... இனி உங்களை நான் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட?... அண்ணை?... ஹலோ?...