மைக் சரிபார்த்த நேரம்

— மறுபடியும் போன வச்சிராதடா வெர்டெல். ரெண்டு நிமிஷம் கேளு.

— டிரம்பெட் ராசா லூசியஸ் நியூயார்க்லேருந்து டிட்ராய்ட்டுக்குப் போன் போட்டுக் கெஞ்சுறாரு. சொல்லுங்க ராசா.

— நம்ம புது ரெக்கார்டு கேட்டியா?

— ‘நம்ம’ எங்கேருந்து வந்துச்சு? இருபது வருஷமா உன் பின்னாடி உக்காந்து டிரம்ஸ் வாசிச்சவன் நான். ரெக்கார்டிங் அன்னைக்கு மத்தியானமே கோட்ட மாட்டிக்கிட்டுக் கெளம்புன்னு சொன்னவன் நீ.

— குடிச்சிட்டு வந்திருந்தடா. தாளம் இழுத்துச்சு.

— மோந்து பாத்தியா?

— மோந்து வேற பாக்கணுமா?

— சரி விடு. ரெக்கார்டும் கேட்டேன். முடிவெட்டுற கடை ரேடியோவுல அதான் நாள் முழுக்க ஓடுது. ஜாஸ் ஊதின வாய், இப்ப பசங்க இடுப்பாட்ட ஃபங்க் ஊதுது. யாருடா அந்த டிரம்ஸ்காரன், நொண்டி நொண்டி அடிக்கிறான்? ரெக்கார்டு அட்டையில டாரில்னு போட்டிருக்கு.

— டாரில் இல்லடா. அது நீ.

— என்ன ஒளர்ற?

— அன்னைக்குக் காலையில மைக் சரிபாக்க உன்னத் தனியா வாசிக்கச் சொன்னாங்கல்ல, அப்பவே டேப் ஓடியிருக்கு. நீ போனப்புறம் தயாரிப்பாளர் அதுல ஒரு துண்ட பிளேடால வெட்டி, பிரதி எடுத்து ஒட்டி, ரெக்கார்டோட ஒரு பக்கம் முழுக்க ஓட விட்டுட்டாரு. அதுக்கு மேலதான் நான் ஊதினேன்.

— என்னைய வெளிய தள்ளிட்டு, என் முதுகுல ஏறி நின்னு ஊதியிருக்க. பேரு மட்டும் அடுத்தவனுக்கு.

— தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டிருந்தேன். அசிங்கமாத்தான் இருக்கு.

— எட்டு மாசம் மூடின வாய் இப்ப எதுக்குத் தொறக்குது?

— வெள்ளிக்கிழமை சிகாகோவுல கச்சேரி. டாரிலால அத வாசிக்க முடியல, ஒரு மாசமா முட்டி மோதுறான். உன் இடது கை ஒரு நூல் பின்னாடி வந்து விழுதே, ஆட்டமே அதுலதான் இருக்கு. அந்தக் கைய எப்பிடிப் புடிச்சு நிறுத்துறான்னு டிரம்ஸ்காரனுங்க அத்தன பேரும் கேக்குறானுங்க. வாடா. மேடையில உன் பேர நானே சொல்றேன்.

— நான் நிறுத்தல லூசியஸ்.

— பின்ன?

— அன்னைக்குக் காலையிலேருந்தே அந்தக் கை எம் பேச்சக் கேக்கல. நீ அனுப்பிவிட்டதும் பஸ்ஸுல உக்காந்தேன், எந்திரிக்க முடியல. பக்கவாதம்னாங்க. எட்டு மாசமா என் சட்டைக்குப் பொத்தான் போடுறது என் பொண்டாட்டி.