தனிக்கூண்டு

ஈரப்புல்லை அப்படியே போட்டால் முயலுக்கு வயிறு ஊதிவிடும், ஐயா. நிழலில் பரப்பி, வாட விட்டுத்தான் போட வேண்டும். இதெல்லாம் என் மனைவி சொல்லிக் கொடுத்தது. வீட்டுக்குப் பின்னால் கறிக்காக முயல் வளர்த்தோம். முள்ளங்கி இலை, கேரட் தழை, சர்க்கரைவள்ளிக் கொடி, செம்பருத்திக் கொழுந்து என்று தோட்டத்தில் மிஞ்சியதெல்லாம் கூண்டுக்குப் போகும். கடைத் தீனி வாங்கியதே இல்லை.

அறுக்கப்போகும் முயலை மட்டும் தனிக்கூண்டில் விடுவாள். அதற்குச் சுத்தமான புல்தான். ஒருமுறை ஒரு முயல் தப்பித்துப் போய், சாக்கடை ஓரம் முளைத்திருந்த செடியை மொட்டையடித்துவிட்டது. செடியின் பெயர் வேண்டாம், யாராவது கேட்டுக் கெட்டுப் போவார்கள். அந்த முயலையே அறுத்துவிடலாம் என்றேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதைத் திங்கிற நமக்குத்தான் ஆகும். கொஞ்ச நாள் புல்லைப் போட்டு வைங்க."

எங்கள் மகள் வெளியூரில் டீச்சர். அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். அம்மாவை மட்டும். நான் எதற்கெடுத்தாலும் கத்துகிறேனாம். மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துடைத்தாள். தனியாக இருந்த என் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, நாற்றம் தெருவுக்கு வரும்வரை அங்கேயே கிடந்தவர். கதவை உடைத்தது நான்தான். அன்றிலிருந்து ஆளில்லாத வீடு என்றாலே எனக்குப் பயம். பட்டப்பகலிலும் பயம்.

அதனால் தனிக்கூண்டுக்குத் தீனி போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். "இப்பத்தான் ஐயாவுக்குப் பொறுப்பு வந்திருக்கு" என்று சிரித்தாள். கறியையும் நானே சமைத்தேன். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி ரொட்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

சாயங்காலமே அவளுக்கு நாக்கு வறண்டது, கண் கூசியது. சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொல்லி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை விட்டுட்டு எங்கேயும் போயிடாதீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. ஈரத்துணியால் முகம் துடைத்தேன். கைத்தாங்கலாகக் கழிவறைக்கு அழைத்துப் போனேன். எந்தப் புருஷன் செய்வான்? டாக்டர் வெயிலால் வந்தது என்றார், நானும் ஆமாம் என்றேன். அவளுக்குத் தெளிந்தபோது பெட்டி மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போயிருந்தது.

பிறகு அவள் பெட்டியைத் தொட்டபோதெல்லாம் நான் சாக்கடை ஓரம் போனேன். கொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கடைசித் தடவை தனிக்கூண்டு முயல் கொஞ்சம் அதிகமாகத் தின்றுவிட்டது. முயலுக்கு அளவு தெரியுமா, ஐயா?

அடக்கம் முடிந்து மகள் என்னோடு தங்கினாள். வீட்டில் மறுபடியும் டம்ளர் வைக்கிற சத்தம், செருப்புச் சத்தம். நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் ஒரு காலையில் அவள் அதே பெட்டியைத் திறந்து அம்மாவின் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கிளம்புறேன்ப்பா. உங்களுக்குச் சமைக்க ஆள் சொல்லியிருக்கேன்."

"மத்தியானம் அப்பா கையால சாப்பிடும்மா" என்றேன். தனிக்கூண்டில் எப்போதும் ஒரு முயல் தயாராகத்தான் இருந்தது.

சுவரோரம் அம்மா நிற்கிறாள் என்று அவள் அலறியபோது ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவள் என்னைப் பிடிக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு, "என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்றாள். அந்த மனுஷர் அவசரக்காரர். ஆம்புலன்ஸையும் கூப்பிட்டு உங்களையும் கூப்பிட்டுவிட்டார்.

ஆமாம், இரண்டு பேருக்கும் நான்தான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். மகளுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை, ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள் என்றீர்களே.

அப்படியென்றால் அவள் இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை, இல்லையா?