மோடத்தில் ஏழாவது ஆள்

கனகசபாபதி: இஞ்சேரும், இதைப் பாரும். எங்கட வைஃபை மோடத்தில ஆரார் நிக்கினம் எண்டு போனில காட்டுது.

சிவயோகம்: கண்ணாடி போடேல்லை... நீங்களே வாசியுங்கோ.

கனகசபாபதி: எல்லாம் 192.168.1 எண்டுதான் தொடங்குது. கடைசி இலக்கம்தான் ஆள். ரண்டு என்ர போன். மூண்டு உம்மட. நாலு ரீவி. அப்ப இந்த ஏழு ஆர்?

சிவயோகம்: எங்கட மகன் வசீகரன் லண்டனில இருந்து...

கனகசபாபதி: விசர்க் கதை. இது மோடம் வீட்டுக்குள்ள குடுக்கிற இலக்கம். லண்டனில நிக்கிறவனுக்கு எப்பிடி வரும்? வேலிக்கு அங்கால பத்து எட்டு வைச்சாலே வைஃபை எடுக்காது.

சிவயோகம்: அப்ப பிரிட்ஜாக்கும்.

கனகசபாபதி: கலியாணத்துக்கு உம்மட கொப்பர் தந்த அந்தப் பழைய பிரிட்ஜுக்கு வைஃபையோ?

சிவயோகம்: அதை விடுங்கோ, தேத்தண்ணி போடட்டோ?

கனகசபாபதி: ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு வருது, ஏழு மணிக்குப் போகுது. இதில தட்டினா ஆள் வெளியில. தட்டட்டோ?

சிவயோகம்: பொறுங்கோ... நான்தான் பாஸ்வேட் குடுத்தனான்.

கனகசபாபதி: ஆருக்கு? இறுப்பிட்டி ஊர் முழுக்கவோ?

சிவயோகம்: வேலிக்கு அங்கால, உங்கட அண்ணை வீட்டுக்கு. அவரின்ர மனிசி நாகபூசணி அக்காவுக்கு.

கனகசபாபதி: பங்குக் கிணத்தில மோட்டர் வைச்ச சண்டையில ரண்டு வரியமா நானும் அவரும் முகம் பாக்கிறேல்லை. நீர் வேலியால...

சிவயோகம்: அது உங்கட சண்டை. அவையின்ர மகள் பவதாரணிக்கு இது பிள்ளை பிறக்கிற மாதம். முதல் பிள்ளை. கனடாவில தாய் பக்கத்தில இல்லாமல் தனியக் கிடந்து அந்தப் பெட்டை அழுகுது. அக்காவின்ர போனில சிக்னல் ஒரு கோடு. முகம் பாத்துக் கதைக்க ஏலாது. எனக்கு மனம் கேக்கேல்லை.

கனகசபாபதி: எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.

சிவயோகம்: சொன்னா விட்டிருப்பியளோ? என்னைப் பேசுங்கோ, வாங்கிறன். ஆனா பிள்ளை பிறக்குமட்டும் அதை அடைக்காதேங்கோ. உங்களைக் கும்பிட்டன்.

கனகசபாபதி: ஆர் அடைக்கிறது? சும்மா வெருட்டினனான். வேலியால கதை கேட்டு எனக்கு எப்பவோ தெரியும். ஒரு மாதமா அந்த ஏழு வந்த உடன நான் ரீவியை நிப்பாட்டுறனான், பெட்டையின்ர முகம் தடக்காமல் வரட்டுமெண்டு. நேத்துப் பின்னேரம் வந்த ஏழு இன்னும் போகேல்லை, சிவயோகம். பிள்ளைவலி தொடங்கீட்டுதோ தெரியேல்லை. நான் போய் எந்த முகத்தோட கேக்கிறது... நீர் ஒருக்கா ஓடிப்போய் என்ர பிள்ளைக்கு என்னெண்டு கேட்டுக்கொண்டு வாரும்.