முன்வரிசை உறைகள்

நாற்காலியில் எல்லோருந்தான் உட்காருகிறார்கள். அதை அழுக்காகாமல் காப்பது ஒருவன் பாடு. எங்கள் நாடக அரங்கில் அந்த ஒருவன் நான், ஐயா. மேலாளர்.

முன்வரிசைகள் எங்களுக்குப் பணம் தரும் சிமென்ட் கம்பெனிக்கு. அவர்கள் வருவதில்லை, அது அவர்கள் பெருந்தன்மை. நடுவில் டிக்கெட். அந்த விலையில் ஒரு குடும்பம் வாரம் முழுக்கச் சாப்பிடலாமாம். சாப்பிடட்டுமே, யார் தடுத்தது? மக்கள் வரிப்பணத்தில் கட்டியது என்பதால் மாடி மட்டும் இலவசம்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள். விளக்கு அணைந்ததும் மாடிக்காரர்கள் இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சேதி எட்டியதும் கம்பெனி அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "எங்க பேரு போட்ட சீட்ல கண்டவனும் கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். இது அரங்கமா, பஸ் ஸ்டாண்டா?"

அன்றிலிருந்து, நாடகம் தொடங்கியதும் மாடிப்படிக் கதவைப் பூட்டுவேன். இடைவேளையில் திறப்பேன். வயிற்றுவலி, குழந்தைக்கு அவசரம், எல்லாச் சாக்கும் கேட்டாயிற்று.

முன்வரிசை மெத்தைகளுக்கு வெல்வெட் உறை தைத்தவர் என் மனைவியின் அண்ணன். போன சனிக்கிழமை மகளோடு வந்திருந்தார்.

"மாப்ள, நான் தச்ச மெத்தைல ஒரு தடவ உக்காந்து பாத்துக்கறேனே."

"சிமென்ட் கம்பெனி ஒண்ணு ஆரம்பிங்க மச்சான், தாராளமா உக்காரலாம்."

சிரித்துக்கொண்டே மாடியேறினார்.

இடைவேளைக்குச் சற்று முன் கம்பெனித் தலைவர் காரிலிருந்து இறங்கி நேரே மேடையேறினார். 'கலை எல்லோருக்கும் சொந்தம்' என்று பேச ஆரம்பித்தார். அப்போது கதவு தட்டப்பட்டது.

"மாமா, அப்பாவுக்கு மூச்சு விட முடியல. கதவத் தொறங்க மாமா."

"பேச்சு முடியட்டும்மா" என்றேன். சாவி என் கையில்தான் இருந்தது. தலைவரோ 'எல்லோருக்கும்' என்ற சொல்லை லேசில் விடுவதாயில்லை. தட்டுவது நின்றது. அவர் மேடையிறங்கி, அப்படியே காரேறிப் போன பிறகு திறந்தேன்.

மச்சானைத் தூக்கி வந்தார்கள். மூச்சு இருந்தது. "முன்னாடி மெத்தைல படுக்க வைங்க" என்றார் யாரோ. தரையில்தான் கிடத்தச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வருமுன் அந்த மூச்சும் நின்றது.

"பொய் சொல்றேன்னு நெனச்சீங்களா மாமா?" என்று கேட்டாள் அவள்.

நினைக்கவில்லை, ஐயா. அவள் பொய் சொல்லும் பெண்ணில்லை. ஆனால் உண்மைக்காக ஒரு நாள் கதவைத் திறந்தால், மறுநாள் எல்லோரும் உண்மையோடு வந்து நிற்பார்கள்.

கைது செய்வதென்றால் செய்யுங்கள். அதற்கு முன் அரங்கத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். அன்றைக்கும் முன்வரிசையில் ஓர் ஆள் கிடையாது. மச்சான் தைத்த உறைகளில் இன்றுவரை ஒரு சுருக்கம் விழவில்லை.