ஒன்பதாவது கேள்வி

— பொறு, பொறு. அது ஆறாவது கேள்வியெல்லோ? நான் இன்னும் நாலாவதிலைதான் நிக்கிறன்.

— கேட்டீங்க, சொன்னேங்க டாக்டரய்யா.

— நான் கேட்டது, காலமை தாய்மாரிட்டை இருந்து பிள்ளையளைப் பாரமெடுக்கேக்கை என்ன பார்க்கவேணும் எண்டு. நீ கதவுப் பூட்டு, திறப்புக்குப் போயிட்டாய். இஞ்சை பார், ரெங்கம்மா. இந்தத் தாள் பதுளையிலை இருக்கிற கொம்பனிக் கந்தோர் அனுப்பினது. பத்துக் கேள்வி. பிள்ளை மடுவத்திலை குழந்தையளைப் பார்க்கிற ஆயா வேலைக்கு வந்த மூண்டு பேருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. முன்னுக்குப் பின்னாலை போகேலாது.

— சரிங்கய்யா. வரிசையாவே கேளுங்க.

— நாலாவது. பாரமெடுக்கேக்கை என்ன பார்ப்பாய்?

— நெத்தியத் தொட்டுப் பாப்பேங்க. கண்ணு, நாக்கு, வயிறு உப்பியிருக்கான்னு. விடியக்காலம் பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேரு குடுக்கிற அவசரத்துல அம்மாக்காரி போட்டுட்டு ஓடத்தான் பாப்பா. அவளப் புடிச்சு நிறுத்தி, கடைசியா எப்ப பால் குடுத்தேன்னு கேப்பேன்.

— நல்லது. ஐஞ்சு மார்க். மற்ற ரெண்டு பேரும் நெத்தியோடை நிண்டிட்டினம். ஐஞ்சாவது. பால் குடிச்ச பிள்ளையை ஏணையிலை எப்பிடிக் கிடத்துவாய்?

— மல்லாக்கப் போடக்கூடாதுங்க. தோள்ல போட்டு ஏப்பம் விடவச்சு, ஒருக்களிச்சுப் படுக்கவைக்கணும். கக்கினா துடைக்க ஆள் பக்கத்துல இருக்கணும்.

— அதுக்கும் ஐஞ்சு. இப்பதான் ஆறாவது. மடுவத்துத் திறப்பு, நீங்கள் சொல்லுற சாவி, ஆரிட்டை இருக்கவேணும்?

— யாருகிட்டயும் வேணாங்க. புள்ளைங்க உள்ள இருக்கையில மடுவத்தப் பூட்டவே கூடாது.

— தாளிலை இருக்கிற விடை, திறப்பு ஆயாவின்ரை இடுப்பிலை எண்டு.

— ஆயா பெரிய கங்காணி வூட்டுக் குசினியில இருந்தா? இடுப்பு அங்க, புள்ளைங்க இங்க. பத்து மணிக்குப் பால் குடுக்க மலையில இருந்து எறங்கி வர்றவ என்னங்கய்யா செய்வா? கதவத் தட்டுவா. உள்ளாற புள்ள இருமும். கக்கினது தொண்டையில அடைச்ச இருமல், பெத்தவளுக்குத் தெரியாதா? சாவிக்கு ஓடுவா. கங்காணி வூடு மேல் ரோட்டுல. சடங்கு வூடு வேற, அம்பது பேரு பந்தியில. ஆயாவத் தேடிப் புடிச்சு, சாவிய வாங்கிக்கிட்டு, திரும்ப ஓடியாந்து...

— ரெங்கம்மா.

— சொல்லுங்கய்யா.

— ஆர் உனக்கு இந்தத் தாளைக் காட்டினது? கிளாக்கரோ?

— யாரும் காட்டலீங்க.

— பின்னை எப்பிடிக் கேள்வி வரமுந்தி விடை வருது? காட்டினது எண்டு தெரிஞ்சால் உன்ரை பேரை வெட்டிப்போடுவன்.

— வெட்டிப்புடாதீங்க சாமி. இந்த வேல எனக்கு வேணும். கையில அஞ்சு மாசத்துப் புள்ள கெடக்கு. திங்கக்கிழம மடுவம் திறந்தா, லயத்து வூட்டுல யாரும் புள்ளைய விட்டுட்டு வரக்கூடாதுன்னு தொரை சொல்லிட்டாரு. வேல கெடச்சா புள்ள என் கண்ணு முன்னால இருக்கும். இல்லேன்னா இன்னொருத்தி கையில குடுத்துட்டு நான் மலையேறணும். என்னால முடியாதுங்க.

— எல்லாத் தாய்மாரும் அப்பிடித்தானே குடுத்திட்டுப் போகினம்?

— போறாங்கதான். எனக்குக் காலு போகாதுங்க.

— ம். போன மாதம் இஞ்சை நடந்தது எனக்கு நேரை தெரியாது. நான் அப்புத்தளையிலை இருந்து மடுல்சீமைக்கு மாறி வந்து மூண்டு கிழமை. மடுவத்திலை ஒரு குழந்தை செத்தது, ஆயா பெரியாயியை வேலையாலை நிப்பாட்டிச்சினம், எனக்கு முந்தி இருந்த டொக்டரையும் மாத்திச்சினம். அந்த விசாரணையை வைச்சுத்தான் இந்தக் கேள்வியள் எழுதினது.

— விசாரணையில யார யாருங்க கேட்டாங்க?

— பெரியாயியை, பெரிய கங்காணியை, கிளாக்கரை.

— பெத்தவளக் கேக்கலையா?

— தாய் மலையிலை தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவ எண்டு மட்டும் எழுதிக் கிடக்கு, பேர் கூட இல்லை.

— கூப்பிட்டு விட்டிருந்தா கூடையப் போட்டுட்டு ஓடியாந்திருப்பாளேங்க.

— அதை நீயும் நானும் இப்ப கதைச்சு என்ன? ஏழு. பால் போத்தலை என்ன செய்யவேணும்?

— கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கணும்.

— எட்டு. பிள்ளையளை எண்ணுறது எப்ப?

— வரும்போதும் போகும்போதும். நடுவுலயும் எண்ணுவேங்க, எனக்கு மனசு கேக்காது.

— சரி. ஒன்பதாவது. வாசிக்கிறன், கவனமாய்க் கேள். "காய்ச்சலை மறைத்துப் பிள்ளையை மடுவத்தில் விட்டுச் செல்லும் தாயை ஆயா என்ன செய்ய வேண்டும்?"

— என்னங்கய்யா?

— வேணுமெண்டால் திருப்பி வாசிக்கிறன்.

— காய்ச்சலா? யாருக்குங்க காய்ச்சல்?

— செத்த குழந்தைக்கு. ஒரு நாள் வேலை போயிடும் எண்டு தாய் காய்ச்சலை மறைச்சுப்போட்டு விட்டிட்டுப் போனவளாம். விசாரணையிலை கண்ட முடிவு அது. அதாலைதான் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இருவது மார்க்.

— அய்யோ, காய்ச்சல் இல்லீங்கய்யா! காலையில சிரிச்சுக்கிட்டுதான் வந்துச்சு. உடம்பு பச்சத் தண்ணி மாதிரி இருந்துச்சு. பூட்டின கதவுக்குப் பின்னால ஆளில்லாம அடைச்சுக்கிட்டு...

— நீ கண்டனியோ?

— லயத்துல எல்லாருக்கும் தெரியும்.

— எல்லாருக்கும் தெரிஞ்சது தாளிலை இல்லையே. எழுதுவம் எண்டாலும் இடமில்லை. பார், ஒரு கட்டம், அதுக்கை ஒரு எண். எனக்கும் இது பிடிக்கேல்லைத்தான். ஆனால் கேள், பிள்ளை. மற்ற ரெண்டு பேரையும் விட நீ கெட்டிக்காரி. அந்த ரெண்டு பேரிலை ஒருத்தி பெரிய கங்காணியின்ரை மருமகள். நீ இதை விட்டால் வேலை அவளுக்குத்தான். தாளிலை என்ன கிடக்கோ அதைச் சொல்லிப்போட்டுப் போ.

— என்னங்க கெடக்கு?

— "தாயின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, பிள்ளையுடன் திருப்பி அனுப்ப வேண்டும். என்ன நேர்ந்தாலும் அதற்குத் தாயே பொறுப்பு."

— இதச் சொன்னாத்தான் வேலையா?

— சொன்னால்தான் மார்க்.

— என் வாயால சொல்லணும்.

— வேறை ஆரின்ரை வாயாலை? சொல்லு, பனி மூடமுந்தி நான் மேல் டிவிசனுக்கும் போகவேணும்.

— தாய் பேர எழுதி... புள்ளையோட திருப்பி அனுப்பணுங்க. என்ன நடந்தாலும்...

— ம்?

— தாய்தாங்க பொறுப்பு.

— இருவது. அவ்வளவுதான், அந்தக் கேள்வி முடிஞ்சுது. ஏன் அழுகிறாய்? இது தாளிலை இல்லாத கேள்வி, நானாய்க் கேக்கிறன்.

— தாள்ல இல்லாததுக்கு மார்க் உண்டுங்களா?

— இல்லை.

— அப்ப அடுத்ததக் கேளுங்கய்யா.

— பத்தாவது, எழுத்து. எத்தினையாம் வகுப்பு?

— தோட்டப் பள்ளிக்கூடத்துல மூணு.

— அது காணும், போதும். இந்தா, பதிவேட்டிலை ஒரு வரி எழுது. இப்ப சொன்னாயே, அப்பிடித் திருப்பி அனுப்பிற ஒரு பிள்ளை, ஒரு தாய். திகதி, பேர், வயசு. உதாரணத்துக்கு எந்தப் பேரையும் போடலாம்.

— இந்தாங்க.

— கொண்டா. அட, கையெழுத்து வடிவாயிருக்கு. "மார்கழி பதினெட்டு, ஐம்பத்தேழு. பிள்ளை அழகையா, நாலு மாதம். காய்ச்சல் இல்லை. தாய் ரெங்கம்மா, மூணாம் லயம்." என்ன இது, உன்ரை பேரையே போட்டு வைச்சிருக்கிறாய்? உதாரணத்துக்குத்தானே கேட்டனான்.

— உதாரணம் இல்லீங்கய்யா. அழகையா நான் பெத்து, இந்த மடுவத்துல பறிகுடுத்த புள்ள. கையில கெடக்கிறது அவன்கூட ரெட்டையாப் பொறந்தது, அதையாவது நான் பாத்துக்கிறேன்.