பூனைக்குக் கறை படாது

அரியலூர் கால்நடை மருத்துவமனை வரிசையில் ஆட்டுக்குப் பூச்சி மருந்து வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கூடையில் பூனையோடு ஒரு அம்மா. அவருக்கு முன்னால் நாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர்.

“இது இன்னும் வயசுக்கே வரலைங்க. அதுக்குள்ள மாசமா இருக்கு” என்றார் அந்த அம்மா.

நாய்க்காரர் திரும்பினார். “வரலைன்னு எப்படிச் சொல்றீங்க?”

“ஒரு சொட்டு ரத்தம் படலையே. எங்க வூட்டுப் பெட்டை நாய்க்குப் பட்ட அன்னிக்கே கட்டிப் போட்டுருவோம். இதுக்கும் படும்னு, அது படுக்குற சாக்கை தெனம் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“பூனைக்கு அப்படிப் படாதுங்க. கத்தும், தரையில உருளும், அதான் அடையாளம். நாய்க்கு வருசத்துல ரெண்டு தடவைதான். பூனை சேரலைன்னா ரெண்டு மூணு வாரத்துல மறுபடியும் கத்தும். சேந்த பொறவுதான் அதுக்குக் கருமுட்டையே எறங்கும்.”

“உருண்டுச்சுங்க. ரெண்டு நாளு விடாம கத்துச்சு. வயித்து வலின்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்தேன்.”

“பூனை பொறந்து எத்தனை மாசம் ஆவுது?”

“எட்டு மாசம் இருக்கும். பிரசவம் தாங்குமாங்க?”

“அதெல்லாம் தாங்குங்க. எங்க பூனையும் இந்த வயசுலதான் குட்டி போட்டுச்சு. நீங்க முன்னாடி போங்க, என் நாய்க்கு வெறும் ஊசிதான்.”

அந்த அம்மா முன்னால் போய் நின்றார். கூடைத் துணியை விலக்கிப் பூனையின் தலையைத் தடவினார்.

“கதவைச் சாத்தித்தாங்க வச்சிருந்தேன். மூணாம் நாளு, கொஞ்சம் காத்தாட நடந்தா வலி கொறையுமேன்னு நாந்தான் தொறந்து வுட்டேன்.”