ஐந்தாம் குழாய்

வரிசையில் நிற்பது எனக்கு எப்போதுமே ஒத்துவராது. டிக்கெட் கவுன்டரோ முடிவெட்டும் கடையோ, எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தால் திரும்பி வந்துவிடுவேன். இங்கே ஸ்டேஷனில் நீங்கள் தாளையும் பேனாவையும் கொடுத்து, "நடந்ததை உங்க வார்த்தையிலேயே எழுதுங்க" என்றீர்கள், மேடம். எங்கே தொடங்குவது என்று யோசித்தபோது இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

என் வேலை நிலத்தடி நீரைப் பாட்டிலில் பிடிப்பது. உரக் கிடங்கைச் சுற்றி எட்டு இடத்தில் கண்காணிப்புக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். முழங்கால் உயரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மூடியில் பூட்டு இருக்கும். கிடங்கின் கூரை பல வருடம் ஒழுகியது. தரையைக் கழுவிய தண்ணீரையும் பக்கத்துக் குழியிலேயே விட்டிருக்கிறார்கள். உரத்தில் உள்ள நைட்ரேட் மண்ணுக்குள் இறங்கி எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத்தான் இந்த எட்டுக் குழாய்களும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் எட்டு பாட்டில் கொண்டுவருவேன். ஆய்வுக்கூடம் அளவு சொல்லும். எங்கள் புவியியலாளர் அந்த எண்களை வைத்து வரைபடம் போடுவார். அதைப் பார்த்துத்தான் எங்கே சுத்தம் செய்வது, யாரை எச்சரிப்பது என்று முடிவெடுப்பார்கள்.

பாட்டில் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. குழாயில் தேங்கி நிற்பது பழைய தண்ணீர், அதற்கு மதிப்பில்லை. அதை முழுக்க இறைத்துக் கொட்டிவிட்டு, மண்ணிலிருந்து புதிதாக ஊறி வருவதைப் பிடிக்க வேண்டும். ஏழு குழாய்களில் இது கால் மணி நேர வேலை. ஐந்தாம் குழாய்க்கு மட்டும் அடியில் சல்லடை அடைத்துக்கொண்டிருந்தது. ஒருமுறை இறைத்தால் மறுபடி ஊற நாலு மணி நேரம் ஆகும். அடைப்பு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் சரிசெய்திருப்பார்கள். நான் எழுதவில்லை.

ஐந்தாம் குழாய் இருப்பது என் அக்கா வீட்டுத் தெரு முனையில். பதினாலு வீடு, வீட்டுக்கு ஒரு போர்க்கிணறு, குடிப்பதும் அதில்தான். முதல் இரண்டு தடவை ஒழுங்காகக் காத்திருந்தேன். அக்கா வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அத்தான் விடமாட்டார். "என்ன மச்சான், இன்னும் ஊறலையா? நீ குழாய்க்குக் காவல், நான் உனக்குக் காவல்" என்பார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். மூன்றாவது தடவை நான் அங்கே போகவில்லை. எண்பது அடி தள்ளியிருக்கும் நாலாம் குழாயிலிருந்தே இரண்டு பாட்டில் பிடித்து, ஒன்றில் ஐந்து என்று எழுதினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஆபீஸ் திரும்பிவிட்டேன். எட்டுக் குழாயையும் அரை நாளில் முடிக்கிறவன் என்று எனக்கு அங்கே 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படியே ஒன்பது தடவை நடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் இருந்தேன்.

போன வருடம் ஒருநாள் ஐந்தாம் குழாய் அருகே என் வண்டி பஞ்சராகிவிட்டது. பஞ்சர் ஒட்டுகிறவர் வந்து, டியூபே போயிற்று, வேறு வாங்கி வரவேண்டும் என்று கிளம்பினார். எப்படியும் காத்திருக்கத்தானே வேண்டும் என்று குழாயை இறைத்தேன். புதிதாக ஊறியதில், ஆபீஸில் அந்த வாரம்தான் கொடுத்திருந்த சோதனைத் தாளை நனைத்தேன். நைட்ரேட் இருந்தால் தாள் இளஞ்சிவப்பாகும். டப்பாவின் மேல் நிறக் கட்டங்கள் போட்டிருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க. அந்தத் தாள் கடைசிக் கட்டத்தையும் தாண்டிக் கருஞ்சிவப்பாக நின்றது. இன்னும் இரண்டு தாள் நனைத்தேன். அவையும் அப்படியே.

அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, நாலாம் குழாய்க்கு நடந்துபோய்ப் பாட்டிலை நிரப்பினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் ஐந்தாம் குழாயின் புள்ளிகள் எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தன. புதிய புள்ளி திடீரென்று உச்சியில் ஏறினால் யாரும் அந்தப் புள்ளியைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். பழைய புள்ளிகளைப் பற்றித்தான் கேட்பார்கள். என் குட்டு உடைந்துவிடும். இதற்குள் புவியியலாளர் என் எண்களை நம்பி, தெருப் பக்கம் ஆபத்தில்லை என்று எழுதி, சுத்திகரிப்புக் கிணற்றைக் கிடங்கின் மறுபுறம் தோண்டவும் வைத்துவிட்டார். அறிக்கையின் முன்பக்கத்தில் எனக்கு நன்றி வேறு போட்டிருந்தார். அதை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

அன்று மாலையே அக்காவிடம் போனேன். "உங்க போர் தண்ணியில உப்பு ஏறிடுச்சு. சிறுநீரகக் கல்லு வரும். இனிமே குடிக்க கேன் தண்ணிதான்" என்றேன்.

"அப்போ மத்த வீட்டுக்காரங்க?"

"அவங்களுக்கெல்லாம் ஆபீஸ்ல சொல்லுவாங்க. நீ வாயைத் திறக்காதே, என் வேலைக்கு வினையாயிடும்."

அக்கா சரி என்றாள். பதினாலில் ஒரு வீட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அக்கா வீட்டுக்கு எதிர்வீடு ஒரு தையல்காரப் பெண்ணுடையது. முன்னறையில் மிஷின், பின்னறையில் குடித்தனம். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை, புட்டிப்பால்தான். அக்காவால் எனக்குக் கொடுத்த வாக்கை மீறவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை போலிருக்கிறது. நான் ஐந்தாம் குழாயின் மூடியைத் திறந்து, இறைக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டுப் பூட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணா, அக்கா உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொன்னாங்க. எங்க போர் தண்ணியில பாப்பாவுக்குப் பால் கலக்கலாமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் தெருவே கூடிவிடும். "நல்லா காய்ச்சிக் குடும்மா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "ரெண்டு தடவை காய்ச்சிடறேன்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம், எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர்தான் ஆவியாகப் போகும், அது அப்படியே மிஞ்சும். காய்ச்சக் காய்ச்சச் செறிவு கூடும். பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். கைக்குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் போய் உதடு நீலம் பாரிக்கும். இதெல்லாம் தெரிந்துதான் காய்ச்சச் சொன்னேன். தெரியாமல் சொன்னதாக எழுத எனக்கு வாய்ப்பில்லை.

மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். "எதிர்வீட்டுப் பாப்பாவுக்கு உதடெல்லாம் ஊதாவாயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. இதயத்துல கோளாறோன்னு பாக்குறாங்களாம்."

இதயத்தில் கோளாறில்லை என்று எனக்குத் தெரியும். போட வேண்டிய ஊசியின் பெயர்கூடத் தெரியும், வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பெயர் சொல்லாமல் ஒரு போன் செய்திருக்கலாம். எண்ணைத் தேடி ஒரு சீட்டில் எழுதியும் வைத்தேன். டாக்டர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது என்று சொல்லிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கியது, அதையும் எழுதுகிறேன். மறுநாள் காலை பத்து மணிக்குக் குழந்தை போய்விட்டது. ஐம்பத்திரண்டு நாள் குழந்தை.

துக்கம் கேட்கப் போனேன். போகாவிட்டால் அக்கா ஏதாவது நினைப்பாள் என்று போனேன். மிஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அழவில்லை. "அண்ணா, எங்களுது கரண்ட் அடுப்பு. ஒருநாள் நடுவுல கரண்ட் போயிடுச்சு. அன்னைக்கு ஒரு தடவைதான் காய்ச்சினேன். இன்னும் கொஞ்சம் காய்ச்சியிருக்கணுமோ?" என்றார்.

சுற்றிலும் தெருக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் இருந்தாள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் யாரும் என்னிடம் எதுவும் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

"இருக்கலாம்" என்றேன்.

மற்றதையெல்லாம் சோம்பலில் செய்தேன், பயத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். இதை எதில் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. தூக்கத்தில்கூட இதுதான் வந்து நிற்கிறது. அக்கா அன்றோடு என்னிடம் பேச்சை விட்டுவிட்டாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

தெருத் தண்ணீரைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீஸுக்குக் கேட்டார்களாம். நேற்று புவியியலாளரே வந்து ஐந்தாம் குழாயைத் திறந்து, நாலு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து தண்ணீர் எடுத்தார். அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்தேன். வந்தது நானாகத்தான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் பதினாலு மோட்டாருக்கும் பூட்டுப் போட்டாகிவிட்டது. காரணத்தை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன்.

என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக யாராவது அந்தத் தையல்காரப் பெண்ணிடம் போய், காய்ச்சியதில் அவர் மேல் ஒரு குறையும் இல்லை என்று சொல்ல வேண்டும். இங்கிருந்து பத்து நிமிட நடைதான், நானே போய்ச் சொல்லலாம். என்னைப் பார்த்தால் அவர் மனசு கஷ்டப்படும், அதனால்தான் போகவில்லை.